முதல் குண்டு போன இடம்

சுப்பண்ணனைப் பற்றிச் சொல்வதென்றால் பலூன் கடையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவிநாசித் தேர்க்கடையில் பலகை நிறையப் பலூனைக் கட்டி, காற்றுத் துப்பாக்கியைக் கையில் கொடுத்துச் சுடச் சொல்வார்கள் இல்லையா, அந்தக் கடை. துப்பாக்கிக் குழலைக் கடைக்காரனே லேசாக வளைத்து வைத்திருப்பான் என்பது ஊரறிந்த ரகசியம். நேராகக் குறி பார்த்தவன் காசைத் தொலைத்துவிட்டுப் பஞ்சுமிட்டாய்க் கடைக்குப் போவான். சுப்பண்ணன் அப்படிப் போனதில்லை. முதல் குண்டை வேண்டுமென்றே வீணாக விடுவார். அது பலகையில் எங்கே பட்டது என்று பார்ப்பார். எவ்வளவு வலப்பக்கம் போனதோ அவ்வளவு இடப்பக்கம் பிடித்து இரண்டாவதைச் சுடுவார். அதற்குப் பிறகு கடைக்காரனுக்குப் பலூன் ஊதுகிற வேலைதான். "அண்ணா, சாமி, போதுங்கண்ணா, அக்கட்ட இன்னொரு கடை இருக்குதுங்க" என்று கும்பிட்டவர்கள் உண்டு.

இப்போது அவருக்கு அறுபத்து நான்கு வயது. பெருமாநல்லூர் ரோட்டில், ஒரு காலத்தில் பருத்தி விளைந்த சொந்தத் தோட்டத்தின் மூலையில் பனியன் கம்பெனி கட்டி, பாதி வாழ்க்கையை அதிலேயே ஓட்டிவிட்டு, சாவியை மகன் தரணீதரனிடம் கொடுத்துவிட்டார். கொடுத்தவர் சும்மா உட்கார்ந்தாரா என்றால், சும்மா உட்காருகிற வியாதி இந்தப் பக்கத்தில் யாருக்கும் வந்ததில்லை. கம்பெனியில் ஒரே ஒரு இலாகாவை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டார். அது எலி இலாகா.

சிரிக்க வேண்டாம். பனியன் கம்பெனியில் எலி சில்லறைச் சமாச்சாரமில்லை. பின்னல் துணியில் ஒரு நூல் அறுந்தால் ஓட்டை அதோடு நிற்காது, இழுக்க இழுக்க வளரும். குடோனில் அடுக்கிய ரோலில் எலி ஒரு வாய் வைத்தால், உள்ளே எத்தனை சுற்றுக்குப் பல் இறங்கியிருக்கிறது என்று அதற்குத்தான் தெரியும். சுற்றிலும் இன்னும் சோளக்காடு இருப்பதால், வருகிறவை சின்ன எலிகளும் அல்ல, பூனைக்குட்டி அளவு பெருக்கான்கள். விஷம் வைத்துப் பார்த்தார்கள். தின்றது ரோல்களுக்கு நடுவில் போய்ச் செத்து, நாற்றம் துணியிலேறிக்கொண்டது. பூனை வளர்த்தார்கள். அது குழந்தைச் சட்டைக்கு வந்த துணிமேல் குட்டி போட்டது. பசை அட்டை வைத்தார்கள். பெருக்கான் அட்டையை முதுகில் ஒட்டிக்கொண்டே ஊர்வலம் போயிற்று. பொறி வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். வைக்கலாம்தான். ஆனால் துப்பாக்கி இருக்கிற மனுசன் பொறி வைப்பானா?

ஆகவே சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும், குடோனில் வாசல் பக்கத்து ஒற்றை லைட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அணைத்துவிடுவார். வெளிச்சம் இருந்தால் பெருக்கான் வராது. எதிர்ச் சுவரோரம் மணல் மூட்டைகள் அடுக்கியிருக்கும். அதன் முன்னால் கருவாட்டுத் துண்டு. குண்டு தப்பினாலும் மணலுக்குள் போக வேண்டும், துணிக்குப் போகக் கூடாது என்பதற்குத்தான் அந்த மூட்டை. ரோல் அடுக்குகள் மூட்டையிலிருந்து ஒரு கை தூரமாவது தள்ளி நிற்க வேண்டும் என்பது அவர் போட்ட உத்தரவு. ஒரு கை போதுமா என்று யாரும் கேட்கவில்லை. சுப்பண்ணனின் குறிக்கு அது ரொம்ப ஜாஸ்தி என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

அறுபதைத் தாண்டியதும் வம்பு ஆரம்பித்தது. குறி பார்ப்பது என்பது மூன்றை ஒரே கோட்டில் நிறுத்துகிற வேலை. கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம், குழல் நுனியில் ஒரு மணி, அதற்கப்பால் எலி. இளவட்டக் கண் மூன்றுக்கும் மாறி மாறி ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடும். வயசான கண் ஒன்றைப் பிடித்தால் இரண்டைக் கைவிடும். அதுவும் மங்கல் வெளிச்சத்தில் மணி கரைந்து புகை மாதிரி ஆகிவிட்டது. குண்டுகள் தப்பத் தொடங்கின. முதலில் குண்டு டப்பாவைத் திட்டினார். பிறகு துப்பாக்கியின் ஸ்பிரிங்கை. பிறகு பெருக்கான்களை, இப்போதெல்லாம் அவை முன்னைப்போல் நின்று நிதானிப்பதில்லையாம்.

"ஆடத் தெரியாதவ கூடங் கோணல்னாளாமா" என்றாள் மனைவி பழனாயி. "கண்ணாசுபத்திரிக்குப் போலாம்னு எத்தன நாளாச் சொல்றனுங்க."

"எங் கண்ணுக்கு என்னவாம்? பஸ்ஸு போர்ட எட்டத்துலயே படிக்கறனே."

கண்ணைப் பற்றி யார் பேசினாலும் அவருக்குச் சுருக்கென்று ஏறும். கம்பெனியில் தையல் மெஷின்காரர்கள் முதல் லோடு இறக்குகிறவர்கள் வரை அவரைக் கையெடுத்துக் கும்பிடுவது முதலாளி என்பதற்காக மட்டுமில்லை, குறி தப்பாத மனுசன் என்பதற்காகவும்தான் என்று அவர் உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்தார். அந்தப் பேர் போனால் மிச்சம் என்ன, மகனுடைய கம்பெனிக்கு வந்துபோகிற ஒரு கிழவன்தானே.

அப்போதுதான் யாரோ சிவப்புப் புள்ளியைப் பற்றிச் சொன்னார்கள். துப்பாக்கி மேலே மாட்டுகிற ஒரு கண்ணாடி, அதற்குள் சிவப்பாக ஒரு புள்ளி தெரியும், பள்ளமும் வேண்டாம் மணியும் வேண்டாம் என்று. மறுநாளே கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறிவிட்டார்.

கடைக்காரர் மோகன்ராஜ் பொறுமைசாலி. மேசைமேல் துணி விரித்து நாலைந்தை எடுத்து வைத்தார்.

"இதுல ரெண்டு கண்ணையும் தொறந்தே பாக்கலாங்கண்ணா. பார்வை எலி மேலயே இருக்கோணும். புள்ளி தானா வந்து அது மேல உக்காரும். ஐம்பதுக்கு மேல போன கண்ணுக்குன்னே செஞ்சதாட்ட இருக்கும்."

சுப்பண்ணன் துணி வாங்குகிறவர் மாதிரியே கேள்வி கேட்டார். குழாய் மாதிரி மூடினது நல்லதா, ஒற்றைக் கண்ணாடி நிற்கிறது நல்லதா? குடோனில் பஞ்சுத் தூசி பறக்கும் என்றால் மூடினதுதான் என்றார் மோகன்ராஜ். புள்ளி சின்னதா பெரியதா? சின்னது துல்லியம், ஆனால் மங்கலில் வயசான கண் தேட வேண்டிவரும், பெரியது சட்டென்று தெரியும். வெளிச்சம் கூட்டிக் குறைக்கிற திருகு? கட்டாயம் வேண்டும், இருட்டில் புள்ளியைக் கூட்டி வைத்தால் அது எலியையே மறைத்துவிடும், மினுக்கென்று தெரிகிற அளவுக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஸ்பிரிங் துப்பாக்கி முன்னும் பின்னும் உதைக்கும், அந்த உதையைத் தாங்குகிறதுதானா? எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒன்றை எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார்.

புள்ளி புள்ளியாக இல்லை. வெடித்த பருத்திக்காய் மாதிரி நாலு பக்கமும் பிசிறு விட்டு, கீழே ஒரு வாலும் வைத்திருந்தது.

"இது டிஃபெக்ட் பீஸுங்க. வேற எடுங்க."

வேறொன்று வந்தது. அதிலும் பருத்திக்காய்தான். "இது ஒரே லாட்டுல வந்ததாட்ட இருக்குது. வேற லாட் காட்டுங்க" என்றார். வேறு கம்பெனிச் சரக்கு வந்தது. அதற்கு வால் இன்னும் கொஞ்சம் நீளம். கடையிலேயே விலை கூடினதை அலமாரிப் பூட்டைத் திறந்து எடுத்துக் கொடுத்தார்கள். அதிலே புள்ளி இரண்டாகத் தெரிந்தது.

மோகன்ராஜ் தன் போனை எடுத்துக் கண்ணாடிக்குப் பின்னால் பிடித்து ஒரு படம் எடுத்துக் காட்டினார். படத்தில் புள்ளி குங்குமப் பொட்டு மாதிரி வட்டமாக இருந்தது.

"போன்ல வட்டமா வருதுன்னா சாமான் சுத்தம்னு அர்த்தங்கண்ணா. ஒருக்கா கண்ணு டாக்டரப் பாத்துட்டு வந்து எடுத்துக்கலாமுங்களே? நான் எங்க போகப் போறேன்."

யாவாரம் வேண்டாம் என்று சொல்கிற கடைக்காரனை எங்கே பார்க்க முடியும். ஆனால் சுப்பண்ணனுக்கு அந்த நல்ல வார்த்தை காதில் ஏறவில்லை. இத்தனை வருடம் எத்தனை லாட் சரக்கைப் பார்த்தவுடனே ரிஜெக்ட் பண்ணிய கண் இது, அதையே ஒருத்தன் ரிஜெக்ட் பண்ணுவதா என்றுதான் பட்டது. "போன் கேமரா எதையுமே அழகாத்தானுங்க காட்டும்" என்று சொல்லிவிட்டு, பெரிய புள்ளி போட்ட மூடின ரகத்தைக் கட்டச் சொன்னார். புள்ளி பெரிதாக இருந்தால் பிசிறைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்பது அவர் கணக்கு.

மாட்டி, மணல் மூட்டைக்கு அட்டை வைத்துச் சுட்டு, பக்கத்துத் திருகுகளைத் திருப்பிக் குறியைச் சரிசெய்துகொண்டார். முதல் மூன்று நாள் எதுவும் விழவில்லை. நாலாம் நாள் காலையில் குடோன்காரன் இசக்கிமுத்து, மணல் மூட்டை ஓரத்தில் ஒரு பெருக்கான் செத்துக் கிடப்பதைக் காட்டினான். குண்டு பட்டுக் கொஞ்சம் ஓடி, பிறகு விழுந்திருக்கும் என்றான். அதற்கப்புறம் வாரத்துக்கு இரண்டு, மூன்று. சுப்பண்ணன் நெஞ்சு நிமிர்ந்து நடந்தார். டீக்கடையில் சிவப்புப் புள்ளியின் மகிமையைக் கேட்காதவர் பாக்கியில்லை. பழனாயிகூடக் கண் ஆசுபத்திரிப் பேச்சை நிறுத்திவிட்டாள்.

இசக்கிமுத்து தெற்கத்திக்காரன், திருநெல்வேலிப் பக்கம். அவனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். முன்பு அவன் இங்கே டெய்லர். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கிறபோது ஊசி உடைந்தால் உடைந்த அத்தனை துண்டும் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அந்தக் கட்டு முழுவதும் கழிவுக்குப் போகும். குழந்தை போடுகிற சட்டையில் ஊசிமுனை இருந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒருநாள் இசக்கிமுத்துவுக்கு ஊசி உடைந்து நுனி காணாமல் போயிற்று. பயந்துபோய்ச் சொல்லாமல் புது ஊசி மாட்டித் தைத்துவிட்டான். சுப்பண்ணன்தான் கண்டுபிடித்தார். லைன் முழுவதையும் நிறுத்தி, எல்லோர் முன்னாலும் சொன்னார். "ஊசி ஒடையறது தப்பில்ல. மறைக்கறதுதான் தப்பு." வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கொஞ்ச நாள் கழித்து அவன் திரும்பி வந்து கேட்டபோது, மெஷினில் உட்கார வைக்காமல் குடோனைக் கொடுத்தார். அன்றிலிருந்து அந்த வசனம் கம்பெனிக்கே வேதவாக்கு. புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்குச் செக்கிங் சூப்பர்வைசர் அன்புசெல்வி முதல் நாளே அதைத்தான் சொல்லிக் கொடுப்பாள்.

பங்குனி உத்திரம் வந்தது. தெற்கத்திக்காரர்கள் எல்லோரும் குலசாமி கோயிலுக்கு ஊருக்குப் போய்விட்டார்கள், இசக்கிமுத்தும்தான். அன்று சாயங்காலம் சுப்பண்ணன் வழக்கம்போல ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். வாசல் லைட் எரிந்தது. பக்கத்து ஷெட்டில் நிட்டிங் மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன. மணல் மூட்டைக்கு இந்தப் பக்கம், சொன்னபடி ஒரு கை தூரத்தில், வெள்ளைத் துணி ரோல்கள் பாலிதீன் உறையோடு அடுக்கி நின்றன. பச்சைக் குழந்தைகளின் உடுப்புக்கு வந்த துணி, காலையில் கட்டிங் மேசைக்குப் போக வேண்டியது.

திடீரென்று கரண்ட் போயிற்று. மெஷின்கள் நின்று குடோன் அமைதியானது. கதவு வழியாக வந்த அந்தி வெளிச்சம் மட்டும் மிச்சம். அந்த அமைதியில் பெருக்கான் ஒன்று வெளியே வந்து கருவாட்டை மோந்தது. புள்ளி பேட்டரியில் எரிவது, கரண்ட் போனாலும் நிற்காது. சுப்பண்ணனுக்கு அதில் ஒரு பெருமை. திருகைக் குறைத்து, பருத்திக்காயை எலிமேல் வைத்தார். காய் இரண்டாகப் பிரிந்தது. இரண்டில் பெரியதை நம்பிச் சுட்டார்.

மணலில் விழுந்தால் 'தொப்'பென்று கேட்கும். கேட்டது 'டப்'. பாலிதீன் கிழிகிற சத்தம்.

பெருக்கான் போய்விட்டது. சுப்பண்ணன் எழுந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு அடுக்கைச் சுற்றி வந்தார். பாலிதீனில் ஏற்றி இறக்கின கிழிசல் ஏற்கெனவே எத்தனையோ. எது குண்டு போன வழி என்று அவருக்குத் தெரியவில்லை. விரலால் தடவித் தடவிப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்கும் தெரியவில்லை. இத்தனை ரோலில் ஏதோ ஒன்றின் வயிற்றில் ஒரு ஈயக்குண்டு இருக்கிறது. நாளைக்கு அதை விரித்து வெட்டுவார்கள், தைப்பார்கள், மடித்துப் பெட்டியில் போடுவார்கள். எந்த ஊரிலோ ஒரு குழந்தை அதைப் போட்டுக்கொள்ளும். குழந்தை கையில் எது கிடைத்தாலும் நேரே வாய்க்குத்தான் போகும்.

யாரும் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் அந்த நினைப்புத்தான் முதலில் வந்தது. எலிமேல் பட்டதென்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள். குண்டு வெளிச்சுற்றிலேயே விழுந்திருக்கும், விரிக்கும்போது தானாக உதிர்ந்துவிடும் என்று ஒரு மனசு சொல்லியது. ஊருக்குத்தான் உபதேசமா என்று இன்னொரு மனசு கேட்டது. கரண்ட் வந்து மெஷின்கள் மறுபடி இரையத் தொடங்கியபோதும் அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு வேண்டாம் என்று படுத்தார்.

காலையில் கட்டிங் மேசையில் துணி விரிக்கிறதற்கு முன்னாலேயே போய் நின்றுவிட்டார். மகனும் அன்புசெல்வியும் இருந்தார்கள்.

"அம்மிணி, இந்த அடுக்க வெட்ட வேண்டாம். நேத்துப் பொழுதோட சுட்டது தப்பிப்போயி ஏதோ ஒரு ரோலுக்குள்ள பூந்துருச்சு."

தரணீதரன் முகம் வெளுத்தது. சரக்கு கப்பலேற வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. "மெட்டல் டிடெக்டருக்குள்ள தாட்டிப் பாத்துரலாமுங்களேப்பா, தச்சதுக்கு அப்பறம்?"

"அது ஊசிக்குன்னு வெச்ச மெஷினு, இரும்பத்தான் புடிக்கும். இது ஈயம். சத்தமே போடாமப் போயிரும்."

அன்புசெல்வி அதற்குள் கையைத் தட்டி ஆட்களைக் கூப்பிட்டாள். ரோல்களைச் செக்கிங் மெஷினுக்கு உருட்டச் சொன்னாள். அடியிலிருந்து லைட் எரிகிற சாய்ந்த கண்ணாடி மேசை அது. துணி அதன்மேல் ஓடும்போது ஓட்டையிருந்தால் வெளிச்சம் பொத்துக்கொண்டு தெரியும். சுப்பண்ணன் தானும் கூட நின்று பார்ப்பதாகச் சொன்னார். தான் செய்ததைத் தானே தேடுவதுதான் மரியாதை என்று நினைத்தார். ஒவ்வொரு ரோலாக ஓடியது. வெள்ளைத் துணி, வெள்ளை வெளிச்சம். ஓடு, ஓடு என்று அவர் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"நிறுத்துங்க!" என்றாள் அன்புசெல்வி.

மெஷின் நின்றது. அவள் துணியைப் பின்னால் இழுத்து ஓரிடத்தில் விரலை வைத்தாள். "இங்கீங்க பெரியய்யா."

சுப்பண்ணன் குனிந்தார். இன்னும் குனிந்தார். மூக்கு துணியில் படுகிற தூரத்தில் வந்த பிறகுதான் அது தெரிந்தது, மிளகு அளவு ஓட்டை, அதற்குப் பின்னால் லைட் பளீரென்று எரிந்துகொண்டிருந்தது. அதைத் தாண்டி 'ஓடு' என்று கையாட்டியது அவர்தான். பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லோரும் வேறு எங்கோ பார்த்தார்கள். அந்த நொடியில் வந்த வெட்கம் மாதிரி அவருக்கு வாழ்க்கையில் வேறு எதற்கும் வந்ததில்லை.

இனி எப்படிப் போகும் என்று அவருக்குத் தெரியும். "ஒரு சுத்துக்கு ஒண்ணு வரும் அம்மிணி. அதே நேர்ல பாத்துட்டே வா" என்றார். அப்படியேதான் வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ஓட்டை, உள்ளே போகப் போகச் சின்னதாகி, ஒரு சுற்றில் ஓட்டையில்லாமல் வெறும் அழுக்குப் புள்ளி. அந்த மடிப்பில் தட்டையாக நசுங்கின குண்டு கிடந்தது. உடைந்த ஊசியை ஒட்டுகிற தாளில் அதை டேப் போட்டு ஒட்டிவிட்டு, அன்புசெல்வி பேனாவை நீட்டினாள். உடைத்தவர் என்கிற இடத்தில் சுப்பண்ணன் கையெழுத்துப் போட்டார். எந்த இடத்தில் போட வேண்டும் என்று அவளே விரலை வைத்துக் காட்டினாள்.

அன்று மத்தியானமே பழனாயியைக் கூப்பிட்டு, "கெளம்பு, கண்ணாசுபத்திரிக்குப் போலாம்" என்றார். வலது கண்ணில் புரை நன்றாக முற்றியிருந்தது, இடதிலும் தொடங்கியிருந்தது. டாக்டர், இவ்வளவு நாள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டார். ஆப்பரேஷன் நடந்தது, சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியுமாகச் சில வாரம் போயிற்று. டாக்டர் சரி என்று சொன்ன பிறகு ஒரு சாயங்காலம் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு குடோனுக்குப் போனார்.

ஸ்டூலில் உட்கார்ந்து, திருகைக் குறைத்து, கண்ணாடிக்குள் பார்த்தார். வட்டம். பிசிறில்லை, வாலில்லை. மோகன்ராஜ் போனில் காட்டிய அதே குங்குமப் பொட்டு. அந்தக் கடையில் தான் பேசிய பேச்சை நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டார். பிறகு கண் புள்ளியை விட்டுப் பின்னாலிருந்த சுவருக்குப் போயிற்று.

மணல் மூட்டைக்கு மேலேயும், வலப்பக்கமும் சுவர் முழுக்க அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது. சின்னச் சின்னக் குழிகளை சிமெண்டால் அடைத்து, அதன்மேல் சுண்ணாம்பு தடவியிருந்தார்கள். ஒன்று இரண்டல்ல. அவர் துப்பாக்கியைத் தாழ்த்தினார்.

அப்போது இசக்கிமுத்து ரோல் அடுக்கிய தள்ளுவண்டி ஒன்றைக் குடோனின் மறுகோடிக்குத் தள்ளிக்கொண்டு போனான். அவரைக் கவனிக்கவில்லை.

"இசக்கி, அது எதுக்கு அக்கட்ட போகுது? ஒரு கை தூரம் போதும்னு சொல்லியிருக்குதல்லோ?"

அவன் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றுவிட்டான். அவர் சுவரைக் காட்டினார்.

"இந்தக் குழியெல்லாம் யாரு பூசுனது?"

"நாந்தான் மொதலாளி" என்றான் தலையைக் குனிந்துகொண்டு. "தெனமும் சாயங்காலம் நீங்க வாரதுக்கு முன்னால ரோல எல்லாத்தையும் அந்தக் கடேசிக்குத் தள்ளிருவேன். காலையில பழையபடி வச்சிருவேன். அந்த மங்கல்ல நீங்க கவனிக்கல. உத்திரத்துக்கு ஊருக்குப் போனப்பதான் யாருகிட்டயும் சொல்ல மறந்துட்டேன்."

சுப்பண்ணன் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டார். "அப்ப அந்தச் செத்த பெருக்கானெல்லாம்?"

"பொறியில விழுந்தது மொதலாளி. புதுசா அந்தச் சாமான வாங்கிட்டு வந்து ரொம்ப சந்தோசமா இருந்திய. மூணு நாளு ஒண்ணும் விழல. மொகமே செத்துப் போச்சு. பாக்க மனசு கேக்கல."

"யாராருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும். செக்கிங் அக்காவுக்கு, சின்ன மொதலாளிக்கு. பொறிக்குத் தேங்காச் சில்லு எங்க இருந்து வந்துச்சுன்னு நெனைக்கிய? அம்மாதான் குடுத்து விடுவாவ."

ஆக, பழனாயியும் கூட்டுக் களவாணி. முழுப் பூசணிக்காயை ஒரு கம்பெனியே சேர்ந்து சோற்றில் மறைத்திருக்கிறது. சுப்பண்ணனுக்குக் கோபம் வந்தது. தன்னைச் சின்னக் குழந்தையாக்கி விளையாடியிருக்கிறார்கள் என்று வந்தது. இத்தனை பேர் தன்மேல் இவ்வளவு பிரியம் வைத்திருந்தார்களா என்றும் அதே நேரத்தில் பட்டது. எதைக் காட்டுவது என்று தெரியாமல் மணல் மூட்டைமேல் போய் உட்கார்ந்தார்.

"ஒண்ணுகூட நாஞ் சுட்டது இல்லியா?"

இசக்கிமுத்து நிஜமாகவே யோசித்தான். "மாட்டுப்பொங்கலுக்கு மறுநாளு ஒண்ணு கெடந்துச்சு. அது ஒங்களுதுதான். நான் வைக்கல."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே கண்ணக் காட்டியிருப்பனப்பா. அந்தக் குண்டு ஒரு கொழந்த வாய்க்குப் போகப் பாத்துதே."

"ஒங்ககிட்ட யாரு மொதலாளி சொல்லுவா?"

கேள்வியில் குத்தல் இல்லை. அவன் உள்ளதைத்தான் கேட்டான். சுப்பண்ணன் அதை அப்படியே வாங்கிக்கொண்டார். வீட்டில் ஒருத்தி சொன்னாள், கடையில் ஒருத்தன் சொன்னான், இருவருக்கும் தான் கொடுத்த பதில் ஞாபகம் வந்தது. லைன் முழுவதையும் நிறுத்தி எல்லோர் முன்னாலும் பேசியவரிடம் வந்து, உங்களுக்குக் கண் தெரியவில்லை என்று எந்தக் குடோன்காரன் சொல்வான்?

"செரி. இங்க வந்து நில்லு" என்று மறுபடி ஸ்டூலுக்கு வந்து உட்கார்ந்தார். "பொறி வெக்கறத வெச்சுட்டே இரு. ரோலு அந்தக் கடேசியிலயே இருக்கட்டும். ஆனா நாஞ் சுட்டா என்ன ஆச்சோ அத வாயத் தொறந்து சொல்லோணும். ஆச்சா?"

அவன் வந்து பக்கத்தில் நின்றான். இருவரும் காத்திருந்தார்கள். வெளியே வெளிச்சம் இறங்கியது. பெருக்கான் ஒன்று சுவரோரமாக வந்து கருவாட்டைத் தொட்டது. வட்டப் புள்ளி அதன்மேல் அசையாமல் உட்கார்ந்தது. சுப்பண்ணன் மூச்சைப் பிடித்துச் சுட்டார். பெருக்கான் ஓட்டமெடுத்தது.

"என்னாச்சு?"

இசக்கிமுத்துவின் வாய் பழைய வழக்கப்படி எதையோ சொல்லத் திறந்தது. மூடிக்கொண்டது.

"தப்பிட்டு மொதலாளி."

"எங்க பட்டுச்சு?"

"வலது பக்கம். மூட்டைய விட்டு நாலு வெரக்கட தள்ளி, சொவத்துல."

சுப்பண்ணன் முகம் மலர்ந்தது. புரை விழுந்த கண்ணோடு பருத்திக்காயின் வாலைப் பார்த்துச் சரிசெய்த குறி அது, தெளிந்த கண்ணுக்குத் தள்ளித்தான் போகும். சட்டைப் பையிலிருந்து ஒரு காசை எடுத்து, பக்கத்துத் திருகில் கொடுத்து இடப்பக்கம் திருப்பினார்.

"அப்படிச் சொல்லு" என்றார். "மொதக் குண்டு எங்க போச்சுன்னு தெரிஞ்சாப் போதும்."